பழைய பாஞ்சோ புத்தகம் கையில் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

1850கள், 60களில் அமெரிக்காவில் அச்சான பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்திக் கருவி) பயிற்சி நூல்கள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாஸ்டனில் ஆலிவர் டிட்சன் நிறுவனம் 1855இல் வெளியிட்ட தாமஸ் பிரிக்ஸின் நூல், 1858இல் வந்த ஃபில் ரைஸின் நூல், 1860இல் ஜேம்ஸ் பக்லியுடையது, 1865இல் ஃபிராங்க் கன்வர்ஸுடையது ஆகியவற்றைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். எடுத்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். திரும்பத் திரும்ப அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருவதால், அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் குறையானாலும் இந்த வரிசையில் தேடுங்கள்: முதலில் டியூனிங், பிறகு தந்தி, பிறகு கை, கடைசியில் மரம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 4வது தந்தியை ஒரு சுரம் இறக்கினால் தீரும் குறைக்குப் புதுக் கருவி வாங்கியவர்களும் உண்டு. இந்த நூல்கள் எந்தப் பாஞ்சோவுக்காக எழுதப்பட்டனவோ அது வேறு: ஃபிரெட் (சுர இடங்களைக் காட்டும் குறுக்குக் கம்பி) இல்லாத கழுத்து, குடல் தந்தி, விலங்குத் தோல், இன்றையதைவிடத் தாழ்ந்த சுருதி. இன்றைய பழக்கத்தை அதன்மேல் ஏற்றும் இடத்தில்தான் முக்கால்வாசிக் குறைகள் பிறக்கின்றன.

அறிகுறி 1: எழுதியபடியே வாசிக்கிறேன், மெட்டு வேறாகக் கேட்கிறது

4வது தந்தி வரும் இடத்தில் மட்டும் கெடுகிறதா?

நீங்கள் இன்றைய ‘ஓப்பன் ஜி’ டியூனிங்கில் இருக்கிறீர்கள். அந்தக் கால நூல்களில் 4வது தந்தி அதைவிட ஒரு முழுச் சுரம் கீழே நிற்கும். இன்றைய பாஞ்சோவில் 4வது தந்தியை டி-யிலிருந்து சி-க்கு இறக்குங்கள், போதும். சரிபார்க்கும் வழி: 4வது தந்தியை 7வது ஃபிரெட்டில் அழுத்தினால் திறந்த (விரல் அழுத்தாத) 3வது தந்தியின் சுரம் வர வேண்டும். 5வது ஃபிரெட்டிலேயே வந்துவிட்டால் இன்னும் இறக்கவில்லை என்று பொருள். மற்றவற்றையும் கையோடு பார்த்துவிடுங்கள். 3வது தந்தி 4வது ஃபிரெட்டில் திறந்த 2வது தந்திக்குச் சமம். 2வது தந்தி 3வது ஃபிரெட்டில் திறந்த 1வது தந்திக்குச் சமம். 1வது தந்தி 5வது ஃபிரெட்டில் குட்டையான 5வது தந்திக்குச் சமம். சுருதி எங்கே நின்றாலும் தந்திகளுக்கு இடையிலான இந்த இடைவெளி மாறாது. இதை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிப் பிரச்சினை வராது.

இடைவெளி சரி, ஆனால் முழுவதுமே தள்ளிக் கேட்கிறதா?

இது குறையே இல்லை. பிரிக்ஸ் நூலின் டியூனிங் 4வது தந்தியிலிருந்து ஜி, டி, எஃப் ஷார்ப், ஏ. குட்டைத் தந்தி மேல் டி. இன்றைய சி டியூனிங்குக்கு (4வது தந்தியை சி-க்கு இறக்கிய நிலை) இது ஐந்து ஃபிரெட் அளவு கீழே. தனியாக வாசிக்கும்போது எங்கே வைத்தாலும் மெட்டு கெடாது. ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் ஒத்துப்போக வேண்டியிருக்கும். வீட்டில் கிட்டார் இருந்தால் அதை வைத்தே சுருதி பிடிக்கலாம். கிட்டாரின் 6வது தந்தி 3வது ஃபிரெட் உங்கள் 4வது தந்தி. கிட்டாரின் திறந்த 4வது தந்தி உங்கள் 3வது. அதே தந்தியின் 4வது ஃபிரெட் உங்கள் 2வது. கிட்டாரின் 3வது தந்தி 2வது ஃபிரெட் உங்கள் 1வது. கிட்டாரின் 2வது தந்தி 3வது ஃபிரெட் உங்கள் குட்டைத் தந்தி. பாஞ்சோ இசையை ஒலிப்பதைவிட ஓர் எட்டுச் சுரம் (ஆக்டேவ்) மேலே எழுதுவது வழக்கம். எழுதிய உயரத்தைப் பார்த்துத் தந்தியை ஏற்றிக்கொண்டே போய் அறுத்துவிடாதீர்கள்.

பிரிக்ஸ் வருகிறது, கன்வர்ஸ் வரவில்லையா?

கன்வர்ஸ் 1865இல் எழுதியது ஒரு சுரம் மேலே: ஏ, இ, ஜி ஷார்ப், பி, குட்டைத் தந்தி இ. நூலின் தொடக்கத்தில் திறந்த தந்திகளைக் காட்டும் வரி ஒன்று இருக்கும். அதில் 1வது தந்தியின் சுரம் ஸ்டாஃபின் (சுரம் எழுதும் ஐந்து கோடுகள்) இரண்டாவது இடைவெளியில் இருந்தால் பிரிக்ஸ் வகை, நடுக்கோட்டில் இருந்தால் கன்வர்ஸ் வகை. இதற்காகத் தந்தியைத் திருப்பி டியூன் செய்ய வேண்டியதில்லை. சுரத்தின் பெயரை விட்டுவிட்டு இடத்தை வாசியுங்கள்: நடுக்கோட்டில் ஒரு புள்ளி தெரிந்தால் அது ‘திறந்த 1வது தந்தி’, அவ்வளவுதான். இரண்டு வகையையும் மாறி மாறி வாசிப்பவர்களுக்கு முதல் வாரம் தலை சுற்றும், பிறகு பழகிவிடும்.

1880களுக்குப் பிந்தைய அமெரிக்க இசைத் தாள்களை எடுத்தால், ஏ-யில் எழுதியதைச் சி டியூனிங்கில் நிற்கும் கருவியில் வாசித்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அதே காலத்து இங்கிலாந்துத் தாள்கள் சி-யிலேயே எழுதப்பட்டவை. இரண்டையும் கலந்து இருவர் சேர்ந்து வாசித்தால் கேட்கச் சகிக்காது.

ஒரு குறிப்பிட்ட பாடம் மட்டும் கெடுகிறதா?

தலைப்பின் அருகே பேஸ் தந்தியை ஏற்றச் சொல்லும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 4வது தந்தியை ஒரு சுரம் ஏற்றி, அது 1வது தந்திக்குச் சரியாக ஓர் எட்டுச் சுரம் கீழே நிற்கும்படி வைப்பார்கள். பிற்காலத் தாள்களில் இது அடிக்கடி வரும். வாசித்து முடித்ததும் மறக்காமல் இறக்கிவிடுங்கள்.

ஒரே ஒரு பாரில் (இரண்டு நெடுங்கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப் பகுதி) மட்டும் இடறுகிறதா?

முதலில் வரியின் தொடக்கத்தில் உள்ள ஷார்ப் (#) குறிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பிரிக்ஸில் ஒரு ஷார்ப் இருந்தால் ஜி, இரண்டு இருந்தால் டி. ஜி-யில் சி இயல்பாக வரும். 1வது தந்தியில் 3வது இடம். டி-யில் அதுவே சி ஷார்ப், 4வது இடம். பக்கம் திருப்பும்போது கை பழைய இடத்துக்கே போய்விடும். அதுவும் சரி என்றால் அச்சுப் பிழையைச் சந்தேகியுங்கள். பாரில் உள்ள கால அளவுகளைக் கூட்டுங்கள். கூட்டல் இடித்தால் ஒரு கொடியோ புள்ளியோ விழுந்திருக்கிறது. இந்த மெட்டுகள் பெரும்பாலும் எட்டு பார் கொண்ட இரண்டு பகுதிகளாக நடக்கும், ஒரே துணுக்கு திரும்ப வரும். கெட்ட பாரின் இரட்டையைத் தேடி அதிலிருந்து சரிசெய்யுங்கள். ஒரே மெட்டு வேறொருவர் நூலிலும் இருந்தால் இன்னும் நல்லது. ஊகித்துத் திருத்திய இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து எது அச்சு, எது உங்கள் திருத்தம் என்று குழப்பம் வராது.

அறிகுறி 2: தந்தி தொங்குகிறது, பலகையில் அடித்து இரைகிறது

செலவில்லாத வழி சுருதியை ஏற்றுவது. இன்றைய நைலான் தந்திகள் சி டியூனிங்குக்காக அளந்து செய்யப்பட்டவை. அவற்றைப் பிரிக்ஸின் ஜி-க்கு இறக்கினால் தொங்கத்தான் செய்யும். ஏ வரை ஏற்றிப் பாருங்கள். இடைவெளி மாறாமல் எல்லாத் தந்தியையும் ஒரே அளவு ஏற்ற வேண்டும். இரைச்சல் நின்றுவிட்டால் குறை தந்தியின் தடிமனில்தான்.

அடுத்தது தந்தியை மாற்றுவது. தாழ்ந்த சுருதிக்கென்றே தடித்த செட்டுகள் வருகின்றன, நைல்கட் வகை (குடலைப் போல ஒலிக்கும் செயற்கைத் தந்தி) எனக்குப் பிடித்தது. உண்மையான குடல் தந்தியின் ஒலி இன்னும் அழகு. ஆனால் விலையும் அதிகம், ஈரத்தில் 1வது தந்தி சீக்கிரம் நைந்துபோகும். 4வது தந்தி மட்டும் மந்தமாக இருந்தால், கிளாசிக்கல் கிட்டாரின் சுற்றுக்கம்பித் தந்தி ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்.

எஃகுத் தந்தி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய மாதிரியில் செய்த கருவியில் வேண்டவே வேண்டாம். அந்தக் கழுத்துக்குள் தாங்குகம்பி கிடையாது. எஃகின் இழுவையில் கழுத்து முன்னால் வளையும், குதிரை (தோல்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) தோலை அமுக்கும். இரைச்சலைப் போக்கப் போய்க் கழுத்தையே கெடுத்துக்கொள்வது இப்படித்தான்.

தந்தி மாற்றியும் இரைகிறதா? எங்கே இரைகிறது என்று பிரித்துப் பாருங்கள். திறந்த தந்தியில் மட்டும் இரைந்தால் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் துண்டு) பள்ளம் ஆழமாகிவிட்டது. தந்தியைத் தூக்கிப் பள்ளத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டு வைத்துப் பாருங்கள், நின்றால் காரணம் அதுதான். காகிதம் சில மாதம்கூடத் தாங்கும். நிரந்தரமாகச் சரிசெய்ய நட்டை மாற்ற வேண்டும். அழுத்தும்போது மட்டும், அதுவும் கழுத்தின் ஒரே இடத்தில் இரைந்தால், விரல்பலகை தேய்ந்து குழி விழுந்திருக்கும். அது மரவேலை, கருவி செய்பவரிடம் போகட்டும். எல்லா இடத்திலும் இரைந்தால் குதிரை தாழ்வாக இருக்கலாம், அல்லது தோல் தளர்ந்து குதிரை உள்ளே இறங்கியிருக்கலாம். தோல் என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 3: ஒலி மந்தம், நேற்று நன்றாக இருந்தது

நேற்று நன்றாக இருந்து இன்று செத்துக் கிடந்தால் காரணம் காற்றின் ஈரம். கஞ்சிராவில் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாஞ்சோவின் தோலும் அதே கதைதான், நாம் தடவாமலே காற்று தடவிவிடுகிறது. 12, 13 அங்குல அகலத் தோல் என்பதால் மாற்றம் பெரிதாகவே தெரியும். கட்டைவிரலால் தோலின் நடுவே அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் தளர்ந்திருக்கிறது.

கொக்கி உள்ள கருவியா?

பால்டிமோரில் வில்லியம் பவுச்சர் 1840களில் செய்யத் தொடங்கிய வகையைப் பார்த்துச் செய்த கருவிகளில் தோல் கட்டிய வட்ட வளையத்தைச் சுற்றிக் கொக்கிகள் இருக்கும். எதிரெதிர் கொக்கிகளைச் சோடி சோடியாகக் கால் சுற்று மட்டும் முடுக்குங்கள். ஒரு சுற்று முடிந்ததும் தந்தியை மீட்டிக் கேளுங்கள், போதவில்லை என்றால் இன்னொரு சுற்று. ஒரே கொக்கியில் முழு பலத்தையும் காட்டினால் தோல் அந்த இடத்தில் கிழியும். மழை நாளில் முடுக்கியதை வெயில் வந்ததும் தளர்த்துங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வட அமெரிக்க வீடுகளில் தோல் கிழிவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான்: ஈரத்தில் இழுத்துக் கட்டியது உலர்ந்ததும் இன்னும் இறுகி, ஒரு இரவில் படீரென்று போய்விடும்.

ஆணி அடித்த தோலா?

முடுக்க வழியில்லை. ஹேர் டிரையரை ஒரு முழத்துக்கும் தள்ளிப் பிடித்து, மிதமான சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். தோல் இறுகும் ஒலி தட்டினாலே தெரியும். தெரிந்ததும் நிறுத்துங்கள். இது ஒரு மாலைக்கான வைத்தியம்தான். மாதக்கணக்கில் தளர்ந்தே இருந்தால் தோலைக் கழற்றி நனைத்து மீண்டும் கட்ட வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது. ஆணி ஓட்டைகள் பெரிதாகிவிட்டால் அடுத்த தோலுக்குப் பிடிப்பு இருக்காது.

காலநிலையோடு சண்டை போட முடியாதவர்கள் ஃபைபர்ஸ்கின் போன்ற செயற்கைத் தோல் போட்டுக்கொள்ளலாம். ஒலி சற்றுக் கூர்மையாகும், ஆனால் தினமும் வாசிக்க முடியும். வாசிக்காத நல்ல தோலைவிட வாசிக்கும் செயற்கைத் தோல் மேல் என்பது என் எண்ணம்.

தோல் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஒலி இன்னும் மந்தமா? குதிரை முன்னால் சாய்ந்திருக்கிறதா, அதன் கால்கள் தோலில் முழுமையாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு எங்கே அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். குதிரைக்குப் பக்கத்தில் அடித்தால் மெல்லிய, வறண்ட ஒலிதான் வரும். கழுத்து வளையத்தைச் சேரும் பக்கமாகக் கையை நகர்த்துங்கள்.

அறிகுறி 4: சுருதி நிற்கவில்லை

புதுத் தந்தி என்றால் பொறுங்கள். நைலானும் நைல்கட்டும் சில நாள் நீண்டுகொண்டேதான் இருக்கும். பழைய தந்தி என்றால் பிரடையை (தந்தியைச் சுற்றி முறுக்கும் முளை) பாருங்கள். மரப் பிரடை உராய்வில்தான் நிற்கிறது. வழுக்கினால் கழற்றி, உலர்ந்த சாக்குக்கட்டியைத் தேய்த்துப் போடுங்கள். இறுகி நகர மறுத்தால் கொஞ்சம் உலர்ந்த சோப்பு. வயலின்காரர்கள் வைத்திருக்கும் பிரடைப் பசை இரண்டு வேலையையும் செய்யும். தந்தியைச் சுற்றும்போது சுற்றுகள் பிரடையின் தலைப்பக்கம் நோக்கிப் போகட்டும், அப்போது இழுவையே பிரடையை உள்ளே தள்ளும். திருப்பும்போதும் உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புங்கள்.

தந்தி ‘டிக்’ என்று குதித்துச் சுருதி மாறினால் நட்டில் சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் போதும். ஒரே இடத்தில் தந்தி அறுந்துகொண்டே இருந்தால், அந்த இடத்தில் நட்டிலோ டெயில்பீஸிலோ (தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் துண்டு) கூர்விளிம்பு இருக்கிறது. நைல்கட் கூர்விளிம்பைத் தாங்காது. மெல்லிய உப்புத்தாளால் மழுக்குங்கள். சாக்குக்கட்டி போட்டும் பிரடை ஒரு பக்கம் ஆடினால் ஓட்டை கோணலாகத் தேய்ந்திருக்கிறது. கருவி செய்பவர் ஓட்டையை அடைத்து மறுபடி துளைக்க வேண்டும்.

அறிகுறி 5: ஃபிரெட் இல்லாத கழுத்தில் சுரம் தப்புகிறது

எல்லா சுரமும் ஒரே பக்கம் தப்புகிறதா?

குதிரை நகர்ந்திருக்கிறது. காதை விடுங்கள், அளவு நாடாவை எடுங்கள். நட்டிலிருந்து குட்டைத் தந்தியின் பிரடை வரை உள்ள தூரம் பொதுவாக முழுத் தந்தி நீளத்தில் கால் பங்கு. அந்தத் தூரத்தை நான்கால் பெருக்கினால் குதிரை நிற்க வேண்டிய இடம் கிடைக்கும். பிறகு காதால் உறுதி செய்யுங்கள்: 1வது தந்தியை அந்தப் பிரடைக்கு நேரே அழுத்தினால் குட்டைத் தந்தியின் சுரம் வர வேண்டும். எல்லாக் கருவியிலும் அந்தப் பிரடை துல்லியமாக அங்கே இருக்காது. சந்தேகம் வந்தால் தந்தியின் சரிபாதியில் லேசாகத் தொட்டு மீட்டி, வரும் மணியொலியையும் அதே இடத்தில் அழுத்தி வரும் சுரத்தையும் ஒப்பிடுங்கள்.

சில சுரம் மட்டும் தப்புகிறதா?

அது கை. 27 அங்குலத் தந்தி நீளம் என்று வைத்துக்கொண்டால், நட்டிலிருந்து 2வது இடம் ஏறக்குறைய 2.95 அங்குலம், 3வது 4.3, 4வது 5.6, 5வது 6.8, 7வது 9. இந்த இடங்களைக் கழுத்தின் பக்கவாட்டில், உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி, சின்ன ஒட்டுத்தாள் துண்டால் குறியுங்கள். மேல்பக்கம் குறிக்காதீர்கள், விரல் அதைத் தேடிக் குனியப் பழகிவிடும். ஃபிரெட் உள்ள கருவியில் ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம். இங்கே விரல்நுனி சுரத்தின் மேலேயே உட்கார வேண்டும். கிட்டாரிலிருந்து வருகிறவர்கள் எல்லா சுரத்தையும் கொஞ்சம் குறைவாகவே பிடிப்பது இதனால்தான்.

இடது கையால் தந்தியைப் பறிக்கும் சுரங்கள் கேட்கவில்லையா? விரலை மேலே தூக்குகிறீர்கள். பக்கவாட்டில், உள்ளங்கை நோக்கிச் சுண்டி இழுங்கள். ஃபிரெட் இல்லாத பலகையில் தூக்கினால் ஒன்றும் ஒலிக்காது.

அறிகுறி 6: வலது கை ஓடவில்லை

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது. இதில் அவசரப்படாதீர்கள்.

இந்தப் பக்கத்தை அடித்து வாசிக்கவே முடியவில்லையா?

அடிக்க வேண்டிய பக்கமே இல்லாமல் இருக்கலாம். பிரிக்ஸ் நூலின் வழி, சுட்டுவிரல் நகத்தால் மேலிருந்து கீழாக அடித்துக் கட்டைவிரலால் தொடர்வது. 1865இல் கன்வர்ஸ் அதோடு ‘கிட்டார் பாணி’யையும் கற்றுக்கொடுக்கிறார், அதில் விரல்கள் தந்தியை மேல்நோக்கிப் பறிக்கும். மூன்று சுரம் ஒரே சமயத்தில் அடுக்காக எழுதப்பட்டிருந்தாலோ, கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) பிரித்து ஓடவிட்டிருந்தாலோ அது பெரும்பாலும் கிட்டார் பாணி. பாணியை மாற்றினால் அந்தப் பக்கம் தானாக வாசிக்க வரும்.

கிளாஹேமர் (நகத்தால் கீழ்நோக்கி அடிக்கும் இன்றைய பாணி) பழகியவர், எல்லாம் கூடுதலாகக் கேட்கிறதா?

கை தானாகவே தந்திகளை வருடிவிடுகிறது. இந்த நூல்களில் அந்த வருடல் இல்லை, எழுதியிருப்பது ஒற்றைச் சுரங்கள். ஒரு நாள் முழுக்க 1வது தந்தியையும் குட்டைத் தந்தியையும் மட்டும் மாற்றி மாற்றி அடியுங்கள், வேறு தந்தி ஒலித்தால் நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். பழைய பழக்கத்தை அழிக்க வேண்டியதில்லை, இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கலாம்.

குட்டைத் தந்தி தாமதமாகவோ மெலிதாகவோ ஒலிக்கிறதா?

கட்டைவிரலைக் கவனியுங்கள். சுட்டுவிரல் அடிக்கும் அதே கணத்தில் கட்டைவிரல் குட்டைத் தந்தியின் மேல் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு கை எழும்போது அது தானாக ஒலிக்கும். அடித்த பிறகு கட்டைவிரல் தந்தியைத் தேடிப் போனால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் சமன் வராது. மெதுவாக, அடித்த நிலையிலேயே கையை உறைய வைத்துப் பாருங்கள்: கட்டைவிரல் தந்திமேல் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா? காற்றில் இருந்தால் மெட்டை மூடி வைத்துவிட்டு இதை மட்டும் சரிசெய்யுங்கள்.

கட்டைவிரல் உள்தந்திகளுக்கு இறங்கும் இடத்தில் சிக்குகிறதா?

இந்த நூல்களில் கட்டைவிரலுக்குக் குட்டைத் தந்தி மட்டும் வேலையில்லை. 2வது, 3வது, 4வது தந்திகளிலும் இறங்கும். எந்தச் சுரம் எந்த விரல் என்பதற்கு ஒவ்வொரு நூலும் முன்பக்கங்களில் தன் குறிகளை விளக்குகிறது. நூலுக்கு நூல் குறி மாறும், ஒன்றில் கற்றதை இன்னொன்றில் ஏற்றாதீர்கள். சிக்கும் இடத்தில் இடது கையால் எல்லாத் தந்தியையும் மூடிப் பிடித்து, வலது கையின் அடியை மட்டும் வாசியுங்கள். மெட்டு கேட்காதபோது கையின் தப்பு பளிச்சென்று தெரியும்.

மூன்று சுரத் துணுக்கு திணறுகிறதா?

இரண்டு தனி அடியாக அடிக்கிறீர்கள். சுட்டுவிரலின் ஒரே இறக்கம் ஒரு தந்தியைத் தாண்டி அடுத்த தந்தியையும் ஒலிக்க வேண்டும், உடனே கட்டைவிரல் குட்டைத் தந்தியில். அடி, சறுக்கல், கட்டைவிரல் என்று மூன்றும் ஒரே அசைவு. தடுமாறினால் நகம் தந்தியில் ஆழமாக இறங்குகிறது என்று பொருள், மேலோட்டமாக விடுங்கள்.

நகம் உடைகிறதா?

அந்தக் காலத்திலும் உடைந்தது. அதற்காக உலோகத் ‘திம்பிள்’ ஒன்றைச் சுட்டுவிரலில் மாட்டி அடிப்பார்கள். நல்ல உரத்த ஒலி, பெரிய கூடத்துக்கு ஏற்றது. பழைய வடிவில் இப்போதும் செய்து விற்கிறார்கள். ஒட்டும் நகமும் பயன்படும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்து, இரண்டு மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகும் திரும்பினால் பயிற்சியை நிறுத்திவிட்டு ஃபிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். வலியோடு வாசித்துப் பழக்கிய கை பிறகு திருந்துவது கடினம்.

அறிகுறி 7: சுரமெல்லாம் சரி, மெட்டு ஆடவில்லை

இவை ஆட்டத்துக்கான மெட்டுகள். ‘ஜிக்’ என்று தலைப்பைப் பார்த்ததும் 6/8 தாளத்தில் வாசிக்கப் போகிறார்கள். இந்த நூல்களில் பல ஜிக்குகள் 2/4 தாளத்தில் எழுதப்பட்டவை. தலைப்பைவிடத் தாளக்குறியை நம்புங்கள்.

பாரின் முதல் அடியிலேயே ஓய்வுக்குறி வருகிறதா? அங்கே தடுக்கி விழாதவர் அபூர்வம். கை நின்றுவிடுகிறது, பிறகு அவசரமாகப் பிடிக்கிறது. காலால் தரையில் தட்டுங்கள். ஓய்வு விழும் இடத்தில் உங்கள் கால் ஒலிக்கும், கை அதற்குப் பதில் சொல்லும். மேடையில் அவர்கள் அப்படித்தான் வாசித்தார்கள். கால் இல்லாமல் வாசித்தால் இந்த மெட்டுகளில் பாதியே கேட்கிறது என்பேன். புள்ளி வைத்த சுரத்தையும் அதன் பின் வரும் குட்டிச் சுரத்தையும் மழுக்கிச் சமமாக்கிவிடாதீர்கள். அந்த வெட்டில்தான் மெட்டின் உயிர் இருக்கிறது. வேகம் கடைசியில் வரட்டும், மெட்ரோனோமில் 60இல் தொடங்கினால் போதும்.

அறிகுறி 8: தலைப்பைச் சபையில் சொல்ல நா கூசுகிறது

கூச வேண்டியதுதான். இந்த நூல்கள் கறுப்புச் சாயம் பூசிய வெள்ளையர்களின் மின்ஸ்ட்ரல் மேடையிலிருந்து வந்தவை. நியூயார்க்கில் 1843இல் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் குழுவோடு அந்த மேடை பெரிதானது. பல தலைப்புகளும் பாட்டு வரிகளும் கறுப்பின மக்களை இழிவுபடுத்துபவை. ஆனால் கருவியும் கைமுறையும் அவர்களுடையவை. கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் பாஞ்சோவை உருவாக்கினார்கள். செனகாம்பியாவின் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் கருவியில் இன்றும் நகத்தால் கீழ்நோக்கி அடித்து, குட்டைத் தந்தியைக் கட்டைவிரலால் மீட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பெரும் பாஞ்சோ கலைஞர்களில் ஒருவரான ஹொரேஸ் வெஸ்டன் கறுப்பினத்தவர்.

நான் சொல்லும் வழி எளியது. இழிவான வரிகளைப் பாடாதீர்கள். இழிவான தலைப்பு என்றால் ‘பிரிக்ஸ் 1855 நூலிலிருந்து, இத்தனாவது பக்க ஜிக்’ என்று அறிவியுங்கள். கேட்பவர் விவரம் கேட்டால் மூடி மறைக்காமல் தலைப்பையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள். குழந்தைகள் முன் வாசிப்பதானால் முன்னதாகவே மெட்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ரியானன் கிடன்ஸ் 1858ஆம் ஆண்டுக் கருவியின் மாதிரியை வைத்துக்கொண்டு இந்த மரபைக் கறுப்பினக் கலைஞராக மீட்டு எடுத்து வாசிப்பதைக் கேளுங்கள். அவர் மேடையில் எதைச் சொல்லி எதை வாசிக்கிறார் என்று பார்ப்பதே நல்ல பாடம்.

எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

கழுத்துக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், கழுத்தில் நீள விரிசல் ஓடினால், தோலில் குதிரைக்கு அடியில் கிழிசல் தொடங்கினால், தந்திகளை எல்லாம் தளர்த்திவிட்டுக் கருவி செய்பவரிடம் கொண்டு போங்கள். நவீனப் பாஞ்சோ பழுது பார்ப்பவர் எல்லோருக்கும் மரப் பிரடையும் விலங்குத் தோலும் பழக்கமாக இருக்காது. ‘குடல் தந்திக் கருவியில் வேலை செய்திருக்கிறீர்களா?’ என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் பழங்கால வயலின் பார்ப்பவர் மேல்.

மாதிரி அல்லாமல் உண்மையான 19ஆம் நூற்றாண்டுக் கருவியே கிடைத்துவிட்டதா? தந்தி மாட்டாதீர்கள், கொக்கியைத் திருகாதீர்கள், பளபளப்பாக்கத் துடைக்காதீர்கள். பவுச்சர் செய்த பாஞ்சோக்கள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, உங்களிடம் இருப்பதும் அந்த வகையாக இருக்கலாம். எல்லாப் பக்கமும் படமெடுத்து, வளையத்தின் உள்புறத்தில் முத்திரை இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்து, இசைக்கருவிப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள். வாசிக்கத் தக்கதா என்று அவர் சொல்லும்வரை மெட்டுகளை மாதிரிக் கருவியிலேயே வாசியுங்கள்.